பத்துக் கிலோ சாணி

செடியைக் கொல்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றாமல் கொல்லலாம். வேளைக்கு நாலு சொம்பு ஊற்றிக் கொல்லலாம். நான் சாப்பாடு போட்டே கொல்லப் பார்த்தேன். அதுவும் யாருடைய செடி? அம்மாவின் பன்னீர் ரோஜா!

அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் என்ன அந்தஸ்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு ஓட்டு வீடு இருந்தது. புரமோட்டர் வந்தார். வீடு போய் ஃபிளாட் வந்தது. பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு வந்து சேர்ந்தவை நான்கு. ஊஞ்சல் பலகை, ஆட்டுக்கல், அப்பா, பன்னீர் ரோஜா. ஊஞ்சல் மாட்ட இடமில்லாமல் பலகை பரணுக்குப் போயிற்று. ஆட்டுக்கல்லின் மேல் வாஷிங் மெஷின் பவுடர் டப்பா உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஹாலில் படமாகிவிட்டார். ரோஜா மட்டும்தான் மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் உயிரோடு இருந்தது.

தினமும் காலையில் அம்மா முழங்கால் வலியைப் பார்க்காமல் மாடியேறிப் போய், ஒரு பூ பறித்து வந்து அப்பா படத்துக்கு வைப்பாள். பூ இல்லாத நாளில் ஒரு இலை. "அவருக்கு இதுவே ஜாஸ்தி" என்பாள். எந்த நாளிலும் வைக்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் அறுபத்துமூவர் முடிந்த கையோடு, தங்கையின் பிரசவத்துக்காக அம்மா புனே கிளம்பினாள். வர ஆறு மாசம் ஆகும். சென்ட்ரலில் ரயில் நகரும்வரை ஜன்னல் வழியே உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. பால் கார்டு, கேஸ் புக்கிங், கரண்ட் பில். கடைசியில்தான் முக்கியமானது வந்தது.

"ரோஜாவுக்குக் காலைல ஒரு சொம்பு தண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணாதே!"

இந்த 'வேற ஒண்ணும் பண்ணாதே' இருக்கிறதே, அதை ஒரு பி.காம். பட்டதாரியிடம் சொல்லியிருக்கக் கூடாது. கையில் ஒரு சொத்து சும்மா கிடந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. அதை வைத்து இன்னும் இரண்டு பண்ண முடியுமா என்றுதான் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சித்திரை பிறந்தது. செடியில் பூ குறைந்தது. சென்னை வெயிலில் ரோஜா பூப்பது குறையும், பூத்தாலும் சுண்டைக்காய் அளவுக்குத்தான் பூக்கும், அக்டோபருக்கு மேல்தான் அதற்கு நல்ல காலம் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. புனேயிலிருந்து ராத்திரி போன் வரும்.

"அப்பாவுக்குப் பூ வெச்சியா?"

"வெச்சேம்மா." (வைத்தது இலை.)

நாலு நாள் பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் படிக்க உட்கார்ந்தேன். ரோஜாவுக்கு என்ன எரு போடுவது என்று தேடியதில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை கிடைத்தது. செடி ஒன்றுக்குப் பத்துக் கிலோ தொழு உரம். கூடவே தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல் சத்து 12 கிராம். அக்டோபரில் கவாத்து செய்ததும் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை.

இதில் நான் படித்தது 'பத்துக் கிலோ' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும். அக்டோபர், ஜூலை என்பதை விட்டுவிட்டேன். அது வயலில் நட்ட செடிக்கு என்பதையும் விட்டுவிட்டேன். தொழு உரம் என்றால் சாணி, சாணி என்றால் தொழு உரம் என்று நானே ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டுக்கொண்டேன்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை உண்டு. மார்கழிக் கோலத்துக்கு அம்மா அங்கேதான் ஒரு உருண்டை சாணி வாங்குவாள்.

"பத்துக் கிலோவா? இன்னா சார், வீடு மெழுகப் போறியா?"

"ரோஜாவுக்கு."

"எத்தினி ரோஜாவுக்கு?"

"ஒண்ணுக்கு."

மாட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மாடும் என்னைப் பார்த்தது.

"ஃப்ரெஷ்ஷா இருக்குமா?" என்று கேட்டேன். தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரை வாங்கிப் பழக்கம்.

"இன்னும் சூடே ஆறல சார். வேணும்னா தொட்டுப் பாரு."

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பக்கெட்டை வைத்துக் கிளம்பினேன். காலை எட்டரை மணி. லஸ் பக்கம் மெட்ரோக்காரர்கள் தடுப்பு வைத்து ரோட்டை ஒரு முழமாக்கியிருந்தார்கள். அந்த நெரிசலிலும் எனக்கு இரண்டு பக்கமும் வழி கிடைத்தது பாருங்கள், மந்திரி காருக்குக்கூட அப்படிக் கிடைக்காது. பக்கத்தில் நின்ற ஒரு டை கட்டிய இளைஞர் மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை அவசரமாக இறக்கிக்கொண்டார்.

மாடிக்குப் போனபிறகுதான் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரிந்தது. தொட்டியில் இருந்த மண்ணே பத்துக் கிலோ இருக்காது. அதற்காக விட்டுவிட முடியுமா? மேல் மண்ணைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே அடைத்த மட்டும் அடைத்து, மிச்சத்தைத் தண்டைச் சுற்றிக் கோபுரமாகக் கட்டினேன். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அம்மாவின் உத்தரவை மீறவில்லை அல்லவா?

என் மனைவி பேங்க்கில் வேலை பார்க்கிறாள். கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நீங்க ஒரே நாள்ல பத்துக் கிலோ இட்லி சாப்பிடுவீங்களா?"

ஆபீஸ் போகிறவர்களுக்கு எப்போதும் இந்த அவசரம்தான் என்று கடந்து போய்விட்டேன்.

மூன்றாம் நாள் ஈ வந்தது. ஐந்தாம் நாள் இலை ஓரம் பழுப்பானது. எட்டாம் நாள் இருந்த ஒரே மொட்டும் கழுத்தை ஒடித்துக்கொண்டு தொங்கியது. தொட்டிக்குள் விரலை விட்டால் வென்னீர் ஒத்தடம் மாதிரி இருக்கிறது. பத்தாம் நாள் இலையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அன்றைக்கு அப்பா படத்துக்கு வைக்க இலைகூட இல்லை.

கீழ் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் யூரியா மாமா. அவரிடம் ஓடினேன். மேலே வந்து பார்த்தார். கோபுரத்தைக் குச்சியால் குத்திப் பார்த்தார்.

"என்ன இது?"

"தொழு உரம் மாமா."

"இது தொழு உரம் இல்லப்பா, சாணி. தொழு உரம்னா சாணி, மூத்திரம் ஊறின வைக்கோல், மாடு தின்னது போக மிச்சத் தீவனம் எல்லாம் சேர்ந்து மாசக்கணக்கில் மக்கினது. நீ பச்சைச் சாணியைக் கொண்டுவந்து வேரைச் சுத்தி அடுப்பு மூட்டியிருக்கே."

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த கணக்குப் பாஷையில் தருகிறேன். பச்சைச் சாணியைக் கொண்டுபோய்ப் போட்டால் முதல் பந்தியில் செடி உட்காருவதில்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உட்காருகின்றன. சாணியில் உள்ள நாரையும் வைக்கோலையும் ஜீரணிக்க அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறை வந்தால் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதாவது, டெபாசிட் போடப் போனவன் வாடிக்கையாளர் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! போதாக்குறைக்கு மக்கும்போது கிளம்புகிற சூடு, அமோனியா, உப்பு. உப்பு அதிகமானால் வேர் தண்ணீரைக் குடிக்க முடியாது. செடி நனைந்த மண்ணில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். வயலில் பரந்த மண் இருப்பதால் ஓரளவு தாங்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில், சித்திரை வெயிலில், சிமெண்ட் தரையில் வேர் எங்கே ஓடும்?

"பிழைக்குமா மாமா?"

மாமா பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, தண்டின் அடியில் நகக்கண் அளவு தோலைச் சீவினார். உள்ளே பச்சையாக இருந்தது. இரண்டு விரற்கடை மேலே சீவினார். பழுப்பு.

"அடியில் உயிர் இருக்கு. நல்லவேளை, பன்னீர் ரோஜா. குச்சி நட்டு வந்தது, ஒட்டுச் செடி இல்ல. ஒட்டுச் செடியா இருந்தா அடியிலிருந்து காட்டு ரோஜாதான் துளிர்க்கும். இது எங்கேர்ந்து துளிர்த்தாலும் உங்க அம்மா செடிதான்."

அன்று சாயங்காலமே ஆபரேஷன். செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, கறுத்த வேரையும் காய்ந்த கிளையையும் வெட்டி, செம்மண்ணும் மணலும் மட்டும் போட்டு மறுபடி நட்டார் மாமா. எரு ஒரு சிட்டிகை கிடையாது. "ஐ.சி.யூ.வில் இருக்கிறவனுக்கு யாராவது பிரியாணி கொடுப்பாங்களா?" தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்தோம்.

இந்த ஆபரேஷனில் உதவி டாக்டராகப் பணிபுரிந்த எனக்குக் கட்டை விரலில் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். முள் குத்துவதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். மாமா விடவில்லை. "டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டே?" யோசித்துப் பார்த்தால் எஸ்.எஸ்.எல்.சி. சமயத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது. "கிளம்பு டாக்டர்கிட்ட!"

தமாஷ் பண்ணிக்கொண்டே வந்தாலும் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். டெட்டனஸ் கிருமியின் விதை மாதிரியான வித்து மண்ணிலும், மாடு குதிரை இவற்றின் குடலிலும் சாணியிலும் இருக்கும். வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ரோஜா முள் போடுகிற ஓட்டை வெளியில் தெரியாது, ஆனால் ஆழமானது. காற்றுப்படாத அந்த ஆழம்தான் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். சாணியும் ரோஜா முள்ளும் சேர்ந்தால் ஜாக்கிரதை. டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார், ஒரு காலத்தில் நாட்டின் சில பகுதிகளில் பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணி தடவுகிற வழக்கம் இருந்ததாம். அதனால் செத்துப்போன குழந்தைகளுக்குக் கணக்கில்லை. பிரசவத்தோடு வருகிற டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததே 2015-இல்தான். அன்று ராத்திரி புனேக்கு நானே போன் போட்டேன். தங்கைக்கு ஊசியெல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டேன். "என்னடா திடீர்னு அக்கறை?" என்றாள் அம்மா. உடனே, "ரோஜா எப்படி இருக்கு?"

"ரெஸ்ட்ல இருக்கும்மா."

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் வாசகர்களிடம் மறைப்பானேன். செடி செத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு டூப்ளிகேட்டுக்கு ஏற்பாடு செய்தேன். நம் சினிமாவில் மச்சம் ஒட்டினால் ஆள் மாறிவிடவில்லையா? தெருவில் டிரைசைக்கிளில் செடி விற்று வந்தவரிடம், "பன்னீர் ரோஜாதானே?" என்று மூன்று தடவை கேட்டு, அவர் மூன்று தடவை சத்தியம் செய்து, ஒரு செடி வாங்கினேன். ஒரு வாரத்தில் பூத்தது. பார்க்க ஜோராக இருந்தது. மூக்கில் வைத்தேன். ம்ஹும்! காலண்டரில் அச்சடித்த ரோஜாவுக்குக்கூட அதைவிட வாசனை இருக்கும். "அத்தை கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் மனைவி.

இதற்கிடையில் தொட்டியிலிருந்து தோண்டிய அந்தப் பத்துக் கிலோ? கொட்டிவிடலாம் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என்ன தப்பு பண்ணிச்சு? அவசரப்பட்டது நீ!" உடைந்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு படுகை காய்ந்த வேப்பிலைச் சருகு, ஒரு படுகை சாணி என்று அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும். வெயிலும் படக்கூடாது, மழையும் படக்கூடாது. மழை பட்டால் சத்தெல்லாம் கரைந்து வடிந்துவிடும். மருமகளைக்கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கமாட்டார்கள்.

கிளறும்போது சாணிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையின் காது வெளியே வந்தது. நம்மூர் மாடுகளின் மெனு அப்படி. போஸ்டர், பாலிதீன், கல்யாண மண்டப வாழை இலை. வெளிநாட்டு மாடுகளுக்கு வேறு தலைவலி. 2008-இல் இங்கிலாந்தில் பல தோட்டங்களில் எரு போட்ட பிறகு தக்காளி, உருளை, அவரை எல்லாம் இலை சுருண்டு போயின. மாடு தின்ற புல்லில் தெளித்த அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி, மாட்டின் வயிற்றையும் தாண்டி, எருக்குவியலையும் தாண்டித் தோட்டம்வரை வந்துவிட்டது. விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். ரோஜாவுக்கும் அது ஆகாது. எரு வாங்கும்போது மாடு என்ன சாப்பிட்டது என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.

ஒரு மாசத்தில் எனக்கு இந்த சப்ஜெக்ட்டில் ருசி வந்துவிட்டது. (வேறு வார்த்தை கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.) தமிழ் இதில் எவ்வளவு வசதியான மொழி என்று யோசித்திருக்கிறீர்களா? மாடு போட்டால் சாணி. ஆடு போட்டால் புழுக்கை. குதிரையும் யானையும் போட்டால் லத்தி. கழுதை போட்டால் விட்டை. கோழி போட்டால் எச்சம். அவரவருக்குத் தனி லெட்ஜர்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் குதிரைக்காரரிடம் ஒரு பை லத்தி வாங்கி வந்தேன். என்னைச் சவாரிக்கு வந்தவன் என்று நினைத்து முதலில் குதிரையில் ஏற்றப் பார்த்தார். மாமா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "குதிரை அசை போடாது. பாதி புல்லு அப்படியே வெளியே வந்துடும், விதையோட" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு காலித் தொட்டியில் போட்டுவைத்தேன். இரண்டு வாரத்தில் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்குப் புல் முளைத்தது.

ஆட்டுப் புழுக்கை வேறு ஜாதி. காய்ந்த மாத்திரை மாதிரி இருக்கும், நாற்றம் குறைவு, சத்து அதிகம். மாமா தாளில் எழுதிக் காட்டினார். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. ஆட்டெருவிலும் கோழி எருவிலும் நூற்றுக்கு மூன்று பங்கு. மணிச்சத்து தொழு உரத்தில் 0.2 சதவீதம், ஆட்டெருவில் 1 சதவீதம், கோழி எருவில் 2.63 சதவீதம். கிராமத்தில் சொல்வார்களே, ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று. என் பாஷையில், ஆட்டெரு சேவிங்ஸ் அக்கவுண்ட், மாட்டெரு ஃபிக்சட் டெபாசிட், கோழி எரு கந்து வட்டி. கொஞ்சம் அசந்தால் செடியை எரித்துவிடும்.

ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வயல்களுக்கு நடந்தே வருவார்கள். ராத்திரி ஒருவர் வயலில் ஆட்டை மடக்கிப் போடுவதற்குப் பெயர் கிடை. ஆடு தூங்கும். தூங்குகிற நேரம் போக மற்றதையும் செய்யும். அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுக்க வேண்டும். ஆபீஸில் தூங்கிச் சம்பளம் வாங்குவது நாம் கண்டுபிடித்ததல்ல, தெரிகிறதா?

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பத்துக் கிலோ தொழு உரத்தில் இருக்கும் தழைச்சத்து மொத்தம் ஐம்பது கிராம். நூற்றுப் பத்து கிராம் யூரியாவில் அது கிடைத்துவிடும். அப்புறம் எதற்கு இவ்வளவு பக்கெட், ஸ்கூட்டர், அவமானம் எல்லாம்? தழை, மணி, சாம்பல் மூன்றையும் கூட்டினாலும் 120 கிராம்தான் வருகிறது. மீதி 9 கிலோ 880 கிராம் எந்தக் கணக்கு?

யூரியா மாமா என்ன சொல்வார் என்று எதிர்பார்த்தேன்? "ஆமாம்பா, யூரியாவே போடு" என்பார் என்று. மனுஷர் சிரித்தார்.

"அந்த 9 கிலோ 880 கிராம்தான்பா விஷயமே. யூரியா செடிக்குச் சாப்பாடு. இது மண்ணுக்குச் சாப்பாடு. களிமண்ணை இளக்கும், மணலில் தண்ணியை நிறுத்தும், மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி போடும். முப்பது வருஷம் மூட்டை மூட்டையா யூரியா சிபாரிசு பண்ணினவன் சொல்றேன். ரெண்டும் வேணும். அதான் பரிந்துரையில் பத்துக் கிலோவும் போட்டிருக்கான், கூடவே கிராம் கணக்கும் போட்டிருக்கான். நீதான் பாதி படிச்சே."

அப்புறம் ஊர்ப் பெருமை. கதீட்ரல் ரோட்டில் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே வந்த ஊர் இது. கோவை பல்கலைக்கழகத்தின் பூர்வீகமே நம் சைதாப்பேட்டைதான். 1868-இல் அங்கே விவசாயப் பள்ளியாக ஆரம்பித்து 1906-இல் கோவைக்குப் போனது. அதே 1906-இல்தான் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்க ஆரம்பித்தது. "மாட்டெரு பாடம் ஊரைவிட்டுப் போச்சு, மூட்டை உரம் ஊருக்குப் பக்கத்தில் வந்துச்சு. எல்லாம் ஒரே வருஷத்தில்" என்றார் மாமா. பெருமூச்சு விட்டாரா, கொட்டாவி விட்டாரா என்று சொல்லத் தெரியவில்லை.

"வள்ளுவரைப் படி. ஒரு பலம் புழுதி கால் பலமாகிற அளவுக்கு உழுது காயவிட்டா, ஒரு பிடி எருகூட வேண்டாங்கிறார். அடுத்த குறள்லயே, உழறதைவிட எருப் போடறது நல்லதுங்கிறார். அதோட விடலை. தண்ணி விடறதைவிடக் காவல் காக்கிறது நல்லதுன்னு முடிக்கிறார்."

"காவல்னா ஆடு மாடுகிட்டேர்ந்தா மாமா?"

"உன்னை மாதிரி ஆளுங்ககிட்டேர்ந்து!"

ஆனியில் ஃபிளாட் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. அஜெண்டாவில் மூன்றாவது ஐட்டம், 'மொட்டை மாடியில் விலங்குக் கழிவு'. நான் டிரம்மிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினேன். இரண்டரை மாசம் ஆகியிருந்தது. பாதி மக்கியதிலேயே நாற்றம் போய்விட்டது. முதல் மழை பெய்த மண் மாதிரி லேசாக ஒரு வாசனை. செக்ரட்டரி நம்பாமல் இரண்டாம் முறை முகர்ந்தார். ஐட்டம் நான்குக்குப் போய்விட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர். அதில் வழக்கம்போல் சண்டை.

ஆடியில் கிளறியபோது கட்டை விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. நான் அலறினேன். மாமா, "காண்டாமிருக வண்டு. எருக்குழியில்தான் குஞ்சு பொரிக்கும். வண்டாகிப் பறந்துபோனா தென்னைக்கு எமன். இதோட பங்காளி ஒண்ணு இருக்கு, வேர்ப்புழு. அது தொட்டிக்குள்ள போச்சுன்னா ரோஜா வேரையே தின்னும்" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுவர்மேல் வைத்தார். காக்காய்களுக்கு அன்று ஆடிக் கிருத்திகை.

செடி? அதைத்தானே கேட்கிறீர்கள்? தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் ஒரு முழக் குச்சியாக நின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். ரிசல்ட் வராத பையன் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதுபோல. இருபது நாள் ஒன்றுமில்லை. இருபத்திரண்டாம் நாள் தண்டின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. கொசு கடித்த தடிப்பு மாதிரி இருந்தது. அடுத்த நாள் அதற்கு மூக்கு முளைத்திருந்தது. மனைவியை எழுப்பி மாடிக்கு இழுத்து வந்து காட்டினேன். ஆபீஸுக்கு லேட்டாகிறது என்று சொல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். அன்றுதான் ராத்திரி போனில், "பூ இல்லம்மா, வெயில் ஜாஸ்தி, துளிர்தான் விட்டிருக்கு" என்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். முழு உண்மை இல்லை. நிகர உண்மை.

ஐப்பசி பிறந்தது. டிரம்மைத் திறந்தால், அடியில் இருந்தது சாணி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மயிலாப்பூர்க் காப்பிக் கடையில் அரைத்த தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாக, கையில் ஒட்டாமல் இருந்தது. பத்துக் கிலோ போட்டது நாலு கிலோவாகச் சுருங்கியிருந்தது. மாமா நுனியை மட்டும் லேசாகக் கவாத்து செய்தார். எரு இரண்டே கைப்பிடி. அதையும் தண்டில் படாமல், தொட்டியின் ஓரமாக வட்டம் போட்டுத் தூவி, மேல் மண்ணோடு கிளறிவிட்டார்.

"இவ்வளவுதானா மாமா?"

"இவ்வளவுதான். அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் உங்க அம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"ஒரு சொம்பு தண்ணி."

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பேத்தி போட்டோக்களோடு வந்து இறங்கினாள். காப்பி குடித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். நான் பின்னாலேயே போனேன். மனைவி எனக்குப் பின்னால். மாமா எதேச்சையாக வடாம் காயப்போடுகிறவர்போல ஏற்கெனவே மாடியில் இருந்தார். ஐப்பசி மழையில் எந்த வடாம்?

செடி இடுப்பு உயரம் இருந்தது இப்போது முழங்கால் உயரம். ஆனால் மூன்று மொட்டு, ஒரு பூ. டூப்ளிகேட் பக்கத்துத் தொட்டியில் நாலு பூவோடு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அம்மா அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இளைச்சுப்போச்சே?" என்றாள்.

"கவாத்து பண்ணினோம்மா."

அம்மா குனிந்து தொட்டி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"எரு நல்லா மக்கியிருக்கே. எங்கே வாங்கினே?"

"மந்தைவெளி மாட்டுக்காரர்கிட்டதாம்மா."

"அவனா? அவன் பச்சைச் சாணிதானேடா தருவான்?"

மாமா காயப்போடாத வடாமைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். மனைவிக்கு இருமல் வந்தது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பூவைப் பறித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனாள்.